எடை மேடையில தெனமும் வியாழக்கெழமை

நீலத்த அழுத்துனா புதுசு, சாம்பல அழுத்துனா பழசே, யோசிச்சு அழுத்துங்க துளசிம்மா, அழுத்தீட்டா திரும்பி வர முடியாதுன்னு சொல்லிப்போட்டு கம்ப்யூட்டர் மெக்கானிக் இதாயத்துல்லா பாய் டீ குடிக்கப் போயிட்டாரு. கண்ணாலத்துக்குக் கேக்கும்போது கூட எங்கப்பன் என்கிட்ட இத்தன நாயம் பேசல. மாப்ள லாரி ஓட்டறான், தல நெறையா முடி இருக்குது, செரின்னு சொல்லுன்னாரு, சொன்னேன், இப்ப முடி போயிருச்சு லாரி இருக்குது, அதுவும் திரும்பி வர முடியாத சோலிதான், அதுக்கு நீலமும் கெடையாது சாம்பலும் கெடையாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் எம்புட்டு மரியாத பாருங்க. நடுத்திரையில ஒரு வெள்ளப் பலக, அதுல எறும்பு ஊர்றாப்ல நாலு வரி இங்கிலீஷு, அதுக்குக் கீழ ரெண்டு பொட்டி. சங்ககிரி பைபாஸுல இந்த எடை மேடையில நான் ஒக்காந்து பதினொரு வருசமாச்சு. வெறும் வண்டியும் லோடு வண்டியுமா எத்தன ஆயிரம் வண்டி போட்டிருப்பேன், ஒரு வண்டிக்குக் கூட யோசிச்சதில்ல. ஏறு, நில்லு, எறங்கு, சீட்டு, போ. அவ்வளவுதான். இதுக்கு என்ன யோசன வேண்டிக்கெடக்குது, நீலத்த அழுத்தீட்டு அடுத்த சோலியப் பாக்கறத உட்டுப்போட்டு. அழுத்துவேன். அழுத்தாம என்ன. பாய் டீ குடிச்சு முடிக்கட்டும், அந்தாளு டீய ஆத்தி ஆத்திக் குடிக்கறவரு, அது வரைக்கும் கையி மௌஸு மேல சும்மா ஒக்காந்திருக்கட்டும், அதுக்கும் வயசாகுதில்ல.

வயசுன்னதும்தான் நெனப்பு வருது, இந்த ரூமுக்குள்ள எனக்கு வயசே ஏறல. ஏன்னா இங்க தெனமும் வியாழக்கெழமை. ரெண்டாயிரத்திப் பதினாலு, சூன் பன்னெண்டு. எடை போடற சாப்ட்வேருக்கு அதுக்கு மறுநா லைசன்சு முடிஞ்சுபோச்சு, பூட்டிக்கிருச்சு. அப்ப இங்க இருந்த சின்னராசுங்கற ஆளு, பெரிய கில்லாடி, கம்ப்யூட்டர் தேதிய ஒரு நா பின்னால தள்ளி உட்டான், பூட்டு தொறந்துக்கிருச்சு. அதுக்குத் தெரியல பாருங்க, நேத்தைக்குப் போயி ஒக்காந்துக்கிருச்சுன்னு. அதுல இருந்து காலையில வந்தா மொதச் சோலி சாமிக்கு ஊதுபத்தி, ரெண்டாவது சோலி தேதியப் பன்னெண்டுக்குத் தள்றது. சீட்டுல எந்திரம் பதினாலாம் வருசம்னு அடிக்கும், அது மேல நான் சந்தக் கடையில வாங்குன ரப்பர் ஸ்டாம்பால இன்னைக்குத் தேதிய டப்புன்னு ஒரு குத்து. குத்துற குத்துல பழைய தேதி தெரியக்கூடாது, அதுதான் தொழில் நுணுக்கம். அப்பறம் ரெண்டு பிரதமர் தேர்தல் நடந்துச்சு, கொரோனா வந்துச்சு போச்சு, ரூவா நோட்டு செல்லாமப் போயி வேற கலர்ல வந்துச்சு, எங்க மேடைக்கு ஒண்ணுந் தெரியாது, அது பாட்டுக்கு வியாழக்கெழமையில ஒக்காந்து கிழங்கு நிறுத்துக்கிட்டு இருக்குது. வெள்ளிக்கெழமை வெரதம் இருக்கறவங்க இங்க வேலைக்கு வந்தா நல்லா சாப்படலாம்.

இத்தன நாளு செல்லுச்சு, இப்ப செல்ல மாட்டீங்குது. ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுக்காரன் சொல்லீட்டான், ஒண்ணாந் தேதியில இருந்து எந்திரம் அடிச்ச தேதிதான் வேணும், ரப்பர் ஸ்டாம்பு குத்துன சீட்டுன்னா வண்டியவே உள்ள உட மாட்டோம்னு. எங்களுக்குப் பாதி வண்டி குச்சிக்கிழங்கு வண்டிதான், எல்லாம் அந்த மில்லுக்குப் போறது. அது நின்னா மிச்சம் பழைய இரும்பும் செங்கல்லும், அதுக்கு ஒரு மேடை எதுக்கு, ஒரு தராசு போதும். அதனாலதான் மொதலாளி புதுச் சாப்ட்வேர் வாங்கியாந்துட்டாரு, லைசன்சோட. ஆனா அது இந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள்ள ஏறாதாம். அடியில இருக்கற அஸ்திவாரத்தையே மாத்தோணுமாம், விண்டோஸு, அதுதான் இப்ப நீலத்துல நிக்குது. மாத்துனா தேதிய அதுவே நெட்டுல இருந்து எடுத்துக்கும், யாராலயும் பின்னால தள்ள முடியாதுன்னு பாய் சொன்னாரு. மொதலாளி ஆறுச்சாமி நல்ல மனுசன், நேத்துப் பொழுதோட வந்தாரு, திருநீறு வெச்ச நெத்தியச் சொறிஞ்சுக்கிட்டே, "இத பாரு துளசி, ஒக்காந்து ஓட்டறவ நீ. உனக்குச் செரிப்பட்டா போடு. செரிப்படாட்டி உடு, மில்லுக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்"ன்னாரு. அப்பறம் வண்டியில ஏறீட்டு, கண்ணாடிய எறக்கி, "இல்லீன்னா எங்கக்கா பேத்தி ஒருத்தி கம்ப்யூட்டருல பிசியே படிச்சுப்போட்டுச் சும்மாதான் இருக்கறா, ரெண்டு நாளு வந்து காட்டிக் குடுக்கச் சொல்றேன்"ன்னாரு. ரெண்டு நாளு. ஒட்டகம் கூட மொதல்ல மூக்க மட்டுந்தான் கேட்டுச்சாம். நான் சிரிச்சுக்கிட்டே, "எதுக்குங்க மொதலாளி, அந்தப் புள்ளைக்கு வெய்யில் ஆகாது, முகம் கறுத்துப்போயிருச்சுன்னா நாளைக்கு மாப்ள வரும்போது என்னையத் திட்டுவீங்க"ன்னேன். அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டுப் போனாரு. ஆனா அந்த ரெண்டு நாளு போகல, இங்கியே நாற்காலிக்குக் கீழ ஒக்காந்திருக்குது, பூன மாதிரி.

பயமான்னா பயமில்ல. நான் எதுக்குப் பயப்படோணும். மொத மொதல்ல இங்க வந்தப்ப எனக்கு மேடைக்கு அடியில குழியில எறங்கிச் சேறு வழிக்கற வேல. சேறு சேந்தா வெறும் மேடையே இருவது கிலோ காட்டும். குழியில இருந்து தலைய நீட்டுனா ஜன்னல் வழியா சின்னராசு என்ன பண்றான்னு நல்லாத் தெரியும். பதினோரு நாளு பாத்தேன். மேல எடதுபக்கம் பச்சப் பொட்டி, அது புது வண்டி. அதுக்குக் கீழ மஞ்சப் பொட்டி, அது ரெண்டாம் எடை. ஓரத்துல பிரிண்டர் படம். செவப்பு வந்தா தொடாத, நடுவுல வெள்ளப் பலக வந்தா வலதுபக்கப் பொட்டி. அவன் திருப்பூருக்குப் போறேன்னு நின்னப்ப மொதலாளி தலையில கைய வெச்சாரு. நான் கையில சேத்தோட மேல ஏறி வந்து, "நான் பாக்கறனுங்க"ன்னேன். ஏ புள்ள, என்ன படிச்சிருக்கறன்னாரு. பத்தாவதுங்கன்னேன். இங்கிலீஷு படிப்பியான்னாரு. படிப்பனுங்கன்னேன். ரெண்டும் பொய்யி. அஞ்சாவதோட ஆடு மேய்க்கப் போனவ நானு. தமிழு எழுத்துக் கூட்டி என்ன, நல்லாவே படிப்பேன், பஸ்ஸு போர்டுல இருந்து வடை மடிச்ச பேப்பர் வரைக்கும் உடமாட்டேன். இங்கிலீஷுல தனித்தனியா எழுத்தெல்லாந் தெரியும், எல்லாம் லாரி நம்பர் பிளேட்டுல படிச்சது, டிஎன் ஐம்பத்திரண்டுல ஆரம்பிச்சு நாகாலாந்து வண்டி வரைக்கும் சொல்லுவேன். அந்த எழுத்தெல்லாம் கூடி நின்னு ஒரு வார்த்தையாச்சுன்னா அவ்வளவுதான், கூட்டத்துல தெரிஞ்சவங்க மூஞ்சி தெரியாத மாதிரி. பதினொரு வருசமா இந்தத் திரையில ஒரு வார்த்த நான் படிச்சதில்ல. எடத்தப் பாத்து ஓட்டறேன், கலரப் பாத்து ஓட்டறேன். இருட்டுல ஊட்டுக்குள்ள நடக்கறமில்ல, அப்பிடி. புதுசா எதாச்சும் பலக வந்தா, "ஏனுங்ணா, கண்ணாடிய ஊட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன், என்ன போட்டிருக்குதுன்னு பாருங்க"ன்னு வர்ற டிரைவர்கிட்டக் கேக்கறது. மறந்துட்டேன்னு சொல்றதுக்குன்னே ஒரு கண்ணாடி வாங்கி ஊட்டுல வெச்சிருக்கறேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கண்ணாடி, இது வரைக்கும் ஒரு நா கூட அதப் போட்டதில்ல.

இப்ப நீலத்த அழுத்துனா எல்லாப் பொட்டியும் எடம் மாறிப்போகும். பாயி சொன்னாரு, பாக்கறதுக்கு வேற மாதிரி இருக்கும்மா, பழகிக்கலாம்னு. அவருக்குப் பழகிக்கலாம், அவரு படிச்சுப் பழகுவாரு. ஒருக்கா இப்பிடித்தான் நடுவுல ஒரு பலக வந்துச்சு, எப்பவும் போல வலதுபக்கம் அழுத்தீட்டேன். அது எப்பவும் வர்ற பலக இல்ல. பாப்பம்பாடிக்காரரு ஒருத்தரோட ரெண்டு டன் கிழங்கு, வேற ஒருத்தன் வண்டி நெம்பருல போயி ஒக்காந்துக்கிருச்சு. அந்தாளு சீட்டப் பாக்காம மடிச்சு வேட்டியில சொருகீட்டுப் போயிட்டாரு, என்னைய நம்பி. மத்தியானம் சோத்துல கைய வெக்கறப்பதான் சுரீர்னு ஒறச்சுது, ஏன்னா எடை எல்லாம் எனக்குத் தலையில நிக்கும். சோத்த மூடி வெச்சுட்டு மில்லுக்கு ஓடி, எந்திரக் கோளாறுங்க, மழையில ஒயரு நனஞ்சுபோச்சுங்கன்னு பொய்ய ஆத்து ஆத்துன்னு ஆத்தி, மாத்திக் குடுத்துட்டு வந்தேன். அன்னைக்கு மழையே பேயல. அந்தாளு, "உடும்மா, மிசினுன்னா அப்பிடித்தான்"ன்னு எனக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்தாரு. அந்தச் சோடா இருக்குதே, அது இன்னும் தொண்டையில நிக்குது. திட்டியிருந்தா செமிச்சிருக்கும்.

செமிக்காதது இன்னொண்ணு இருக்குது. அத நெனைக்க வேண்டாம். வேண்டாம்னா அது கேக்குமா, முட்டீட்டு வருது. தாரணி, என்ற மக, அப்ப ஆறாவது. இப்பக் கோயமுத்தூர்ல நர்சு, மருந்துப் பேரெல்லாம் இங்கிலீஷுல கடகடன்னு சொல்லுவா. ஒரு நா புது இங்கிலீஷு புஸ்தகத்த எடுத்துக்கிட்டு வந்து, அம்மா இது என்ன வார்த்தைம்மான்னா. கம்ப்யூட்டரு ஓட்டற அம்மா, ஊரே பெருமையாச் சொல்லுது, அம்மாளுக்குத் தெரியாதா. எனக்குக் கை அரிசி கழுவிக்கிட்டு இருந்துச்சு. "கண்ணாடி இல்ல சாமி, நாளைக்குச் சொல்றேன்"ன்னேன். மறுநாளும் கண்ணாடி இல்ல. அதுக்கு மறுநா அவ கேக்கறத நிறுத்தீட்டா. திட்டல, சிரிக்கல, கேக்கறத மட்டும் நிறுத்தீட்டா, அப்பறம் எதுக்குமே எங்கிட்டப் புஸ்தகத்த நீட்டல. தெரிஞ்சுக்கிருச்சா அந்தப் புள்ள? தெரிஞ்சு என்னையக் காப்பாத்துச்சா? அது எந்த நாளுன்னு எனக்கு நெனப்பில்ல. பள்ளிக்கூடம் தொறந்த புதுசு, சூனு மாசம்தான். எதுவா இருந்தா என்ன, எங்க மேடைக் கணக்குல அதுவும் அந்த வியாழக்கெழமைதான். அப்பிடின்னா நான் தெனமும் காலையில வந்து, ஊதுபத்தி பத்த வெச்சு, அந்த நாளையே எழுப்பி ஒக்கார வெச்சுக்கிட்டு இருக்கறேன். சீ, என்ன நெனப்பு இது, காத்தால வெறும் வயித்துல டீ குடிச்சா இப்பிடித்தான் வரும்.

வெளிய ஆரன் அடிக்குது. செங்கோடன். மோகனூரு ரோட்டுல இருந்து கிழங்கு ஏத்தீட்டு வந்திருக்கறான், லோடு ரெண்டு பக்கமும் பிதுங்குது, நெறமாசக்காரி நிக்கற மாதிரி நிக்குது வண்டி. ஜன்னலுக்கிட்ட வந்து, "துளசியக்கா, எடை போடறீங்களா, இல்ல கிழங்கு மொளச்சுக் கெளம்பட்டுமா?"ங்கறான். "மொளச்சா நல்லதுதான்டா, நிழலுக்கு ஆச்சு, உன்ற மூஞ்சி கறுத்துக் கெடக்குது"ன்னேன். "கம்ப்யூட்டர முறச்சுப் பாத்துக்கிட்டே இருக்கறீங்க, கடன் குடுத்தவன் மாதிரி"ங்கறான். "புதுசு போடறாங்கடா. போடலாமா வேண்டாமான்னு யோசிக்கறேன்." அவன் பல்லுல இருந்த கரும்புச் சக்கையத் துப்பிப்போட்டு, "நீங்க யோசிக்கறீங்களா? நீங்க யோசிச்சு நான் பாத்ததே இல்லீங்களேக்கா"ன்னான். அட நாயே. சும்மாதான் சொன்னான். ஆனா பாருங்க, செரியாத்தான் சொல்றான். குழியில இருந்து மேல ஏறுனப்ப யோசிச்சனா? யோசிச்சிருந்தா இன்னும் சேறு வழிச்சுக்கிட்டு இருப்பேன். பதினோரு நாளு, அதுவும் ஜன்னலுக்கு வெளிய இருந்து, அதுவும் கழுத்து வரைக்கும் குழியில நின்னு. இப்ப ரூமுக்குள்ள, பேனுக்குக் கீழ, நாற்காலியில ஒக்காந்து பழகறதுக்கு எத்தன நாளு ஆயிரும்? அஞ்சு. ஆறு நாளுன்னு வெச்சுக்க, அமாவாச ஒண்ணு குறுக்க வந்துச்சுன்னா. அந்தப் பேத்திப் புள்ள பிசியே படிச்சிருக்கறா, செரி, வண்டிய மேடையில ஏத்திப்போட்டு டிரைவரு எறங்காம தூங்கற மாதிரி நடிச்சா அவளுக்குத் தெரியுமா, லோடு போடும்போது தண்ணி டேங்க நெப்பீட்டு வருவான், வெறும் வண்டி போடும்போது தொறந்து உட்டுட்டு வருவான், அந்த எரநூறு கிலோ எந்த பிசியேவுல சொல்லிக் குடுத்தாங்க. பயப்படோணும்னா அவ பயப்படட்டும். அழுத்தீட்டேன். நீலத்த. அழுத்துனதுக்கு அப்பறந்தான் அழுத்துனதே தெரியுது, வெரலு எங்கிட்டக் கேக்கவே இல்ல.

திரை கறுத்துப்போச்சு. கறுப்புல ஒரு வட்டம் சுத்துது, அதுபாட்டுக்குச் சுத்துது, செக்கு மாடாட்ட. பாயி வந்து எட்டிப் பாத்து, "அட, போட்டுட்டீங்களா? பரவால்லையே, நான் இன்னொரு டீயே குடிச்சிருக்கலாம்"ன்னாரு. முக்கா மணி நேரம் ஆகும்னாரு. செங்கோடன் வண்டிக்கடியில துண்ட விரிச்சான். நான் அந்த வட்டத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள ஒரு வியாழக்கெழமை செத்துக்கிட்டு இருக்குது, சத்தமில்லாம. ஒண்ணும் அழுகாச்சி வரல, மேடையில இருந்து லோடு வண்டி எறங்குனதுக்கு அப்பறம் பலக மெதுவா மேல வருமில்ல, அந்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் திரை பளிச்சுன்னு வந்துச்சு. வந்ததும் மொதல்ல கேட்டது மொழி. எந்த மொழி வேணும்னு கேக்குதும்மான்னாரு பாயி. வரிசையா கோழி கிண்டுனாப்ல என்னென்னமோ எழுத்து, எறக்கிக்கிட்டே போறாரு, திடீர்னு நடுவுல, தமிழ். மூணே எழுத்து. இத்தன வருசமா உள்ளயே இருந்தியாடி நீயி, ஒரு வார்த்த சொல்லக்கூடாது? "பாய், அதப் போடுங்க"ன்னேன். போட்டாரு. திரை பூராத் தமிழு. ஒவ்வொண்ணாப் படிச்சேன், சத்தமா, பள்ளிக்கூடத்துல மாதிரி. உள்நுழைவு. கோப்புறை. இயல்புநிலை அமைவுகள். நிறுவல் வழிகாட்டி. எழுத்து ஒண்ணு உடாமப் படிச்சுட்டேன். ஒரு எழவும் புரியல. "பாய், கோப்புறைன்னா என்னங்க?" பாயி தாடியச் சொறிஞ்சாரு. "எனக்கும் தெரியலம்மா. இங்கிலீஷுல இருந்தா சொல்லீருவேன்." வெளிய இருந்து செங்கோடன், "தலகாணி ஒறையா இருக்கும்க்கா"ங்கறான்.

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன், பாயும் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு மூச்சு வாங்கறப்ப, அந்த எடவெளியில, எதோ ஒண்ணு கழண்டு உழுந்த மாதிரி இருந்துச்சு. "இங்கிலீஷையே போட்டுருங்க பாய்"ன்னேன். "அட, எதுக்கும்மா? தமிழாவது படிக்கலாமில்ல?" "இதப் படிச்சாப் புரியல. அதப் படிக்கவே தெரியாது. புரியாதது ஒண்ணுதான்னா, பழகுனதாவே இருக்கட்டும். நீங்க எந்தப் பொட்டி எதுக்குன்னு ஒருக்காச் சொல்லுங்க, எடத்தப் புடிச்சுக்கறேன்." பாயி மௌஸ உட்டுட்டுத் திரும்பிப் பாத்தாரு. "படிக்கத் தெரியாதுன்னா?" "தெரியாதுன்னா தெரியாதுங்க. இங்கிலீஷு. ஒரு வார்த்த கூட." "பதினொரு வருசமா?" "பதினொரு வருசமா." சொல்லீட்டேன். கூர இடியல, மேடை பொளக்கல. பாயி புது எடை சாப்ட்வேரையும் ஏத்தித் தொறந்து, நாற்காலிய என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டு, "மேல வலது ஓரம், ஆரஞ்சு. அது மொத எடை"ன்னாரு. ஆரஞ்சு, மொத எடை. "அதுக்கு எடது, ஊதா. அது ரெண்டாம் எடை." ஊதா. "தேதி அதுவே போட்டுக்கும், நீங்க தொட வேண்டாம்." கீழ ஓரத்துல பாத்தேன், இன்னைக்குச் செவ்வாக்கெழமையாம்.

செங்கோடன் வண்டிய மேடையில ஏத்தி நிறுத்தீட்டு எறங்கி வந்து ஜன்னல்ல மொழங்கைய ஊனுனான். எல்லாத்தையும் கேட்டிருக்கறான், அவன் காது லாரி காது. "ஏக்கா, நெசமாவே படிக்கத் தெரியாதுங்களா? மொதலாளிக்குத் தெரிஞ்சா?" "இன்னைக்குத் தெரியும். நானே சொல்லப் போறேன். மத்தியானம் கூப்படறேன்னு சொல்லியிருக்காரு." "அப்பறம் இந்த நாற்காலி?" அவன் நக்கலாக் கேக்கல, அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. ஆரஞ்சு மேல கொண்டு போயி அம்ப நிறுத்துனேன். எந்திரம் பதிமூணாயிரத்துச் சொச்சம் கிலோதான் காட்டுது, இந்த லோடுக்கு அது ரொம்பக் கம்மி. பிதுங்கிக்கிட்டு நிக்கற வண்டிய ஒருக்காப் பாத்தேன், நெம்பர ஒருக்காப் பாத்தேன், அழுத்தல.

"இங்கிலீஷுதான்டா தெரியாது எனக்கு. பின்சக்கரம் ஒரு சாண் மேடைக்கு வெளிய நிக்குது, முன்னால ஏத்து."